மிருதங்கத்தின் கருப்பு வட்டத்துக்குள் என்ன இருக்கு? ஒளிக்கு முன்னால் அதிர்வைப் படித்த சி.வி.ராமன்

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் போய்ப் பலாப்பழம் வாங்கினால், விலை பேசுவதற்கு முன்னால் பழத்தை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். இறுக்கமாகக் கேட்டால் இன்னும் காய். பொத்துப் பொத்துன்னு மந்தமாகக் கேட்டால் பழம். வெட்டாமலேயே உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிந்துகொள்ளும் வித்தை இது. மண்பானை வாங்கும்போதும் இதையேதான் செய்கிறோம். அந்தக் காலத்தில் ரயில் வந்து நின்றதும் ஒரு ஊழியர் சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். விரிசல் விட்ட சக்கரம் வேறு மாதிரி சத்தம் போடும்.

இந்தத் தட்டிப் பார்க்கும் வித்தையின் இன்றைய வடிவம்தான் கான்டாக்ட் மைக். சாதாரண மைக் காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்கும். கான்டாக்ட் மைக்குக் காற்றைப் பற்றிக் கவலையே கிடையாது. ஒரு பொருளின் மேல் ஒட்டினால், அந்தப் பொருளின் உடம்பில் ஓடும் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது ஒரு பீசோ வில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டிய பீங்கான் போன்ற ஒரு பொருள். அது வளைந்தால் மின்சாரம் பிறக்கும். 1880இல் பிரான்ஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்த குணம் இது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பிரித்துப் பார்த்தால் அதே வில்லை இருக்கும். அங்கே அது தலைகீழாக வேலை செய்கிறது, மின்சாரம் கொடுத்தால் அதிர்கிறது.

இதை ஒரு பால்கனிக் கம்பியில் ஒட்டிப் பாருங்க. தெருவில் லாரி போவது வேறு மாதிரி கேட்கும். கம்பி வேலியில் ஒட்டினால் காற்று பாடும். பாலங்களின் உடல்நிலையைப் பார்க்கப் பொறியாளர்கள் ஒட்டும் அதிர்வுமானிகளும் இதே குடும்பம்தான். வீணைக் கச்சேரிகளில் இன்று கான்டாக்ட் மைக் ரொம்பச் சாதாரணம்.

ஆனால் இந்த வசதி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு வயலின் பலகை எப்படி அதிர்கிறது, ஒரு மிருதங்கத் தோல் எப்படி அதிர்கிறது என்று பதிவு செய்து காட்டியவர் ஒருத்தர் இருந்தார். எல்லாருக்கும் தெரிந்தவர். ஆனால் நாம் அவரைக் கடலின் நீலத்துக்கும் ஒளிச் சிதறலுக்கும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். சர் சி.வி.ராமன்.

வயலின் கேட்ட வீடு

ஆலத்தூர் நாட்டிலிருந்து மலை இறங்கித் தென்கிழக்கே காவிரிக் கரைக்கு வந்தால் திருச்சி. அங்கே திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7இல் ராமன் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். நன்றாக வயலின் வாசிப்பார். அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. மெட்ரிகுலேஷன் முடித்தபோது பையனுக்கு 11 வயது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. இடையில் 1906இல், கல்லூரி மாணவராக இருக்கும்போதே, லண்டன் பிலசாபிக்கல் மேகசின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்துவிட்டது. அது ஒளியைப் பற்றியது.

சிறுவயதில் அவரை ஆட்டிப் படைத்த புத்தகங்களில் ஒன்று, ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியைப் பற்றி எழுதியது. காதுக்கு ஏன் சில ஸ்வரங்கள் சேர்ந்து இனிக்கின்றன என்பதை இயற்பியலாக்கிய புத்தகம் அது. வீட்டில் அப்பாவின் வயலின், கையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1907இல் மணந்த லோகசுந்தரி வீணை வாசிக்கத் தெரிந்தவர். பிற்கால ஆராய்ச்சிக்கு விதை எங்கே விழுந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

கணக்கு அதிகாரியின் இரண்டாவது வேலை

இந்தியாவில் அன்றைக்கு விஞ்ஞானியாகச் சம்பாதிக்க வழி மிகக் குறைவு. ராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகச் சேர்ந்தார். பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் இருந்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, பயன்படுத்த ஆள் இல்லை. ராமன் உள்ளே நுழைந்தார். விடிகாலையில் ஆய்வுக்கூடம், பகலில் அரசுக் கணக்கு, சாயங்காலம் மறுபடி ஆய்வுக்கூடம். உதவிக்கு ஆசுதோஷ் டே. அவரை ஆசு பாபு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கல்லூரிப் பக்கமே போகாத அந்த மனிதர் பிறகு ராமனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு வந்தார்.

1909இல் ராமன் எழுதிய ஒரு கட்டுரையின் பொருள் ஏக்தாரா. பிச்சைக்காரரும் பாவுல் பாடகரும் கையில் வைத்திருக்கும் ஒற்றைக் கம்பி வாத்தியம். அரசு அதிகாரி ஒருத்தர் எடுத்துக்கொள்ளும் ஆராய்ச்சிப் பொருளா இது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். அவர் கையில் பெரிய கருவிகள் இல்லை. தெருவில் கிடைக்கும் வாத்தியம் இருந்தது. கம்பி எப்படி அதிர்கிறது என்ற கேள்வி, ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் கேட்டாலும் பௌபஜாரில் கேட்டாலும் ஒரே கேள்விதான்.

நகரும் வயலின், நகராத வில்

மைக் இல்லாமல் அதிர்வை எப்படிப் பதிவு செய்வது? ராமன் ஒளியைப் பயன்படுத்தினார். அதிரும் கம்பியை ஒரு மெல்லிய ஒளிக்கீற்றின் குறுக்கே நிறுத்தி, பின்னால் ஒளிப்படத் தகடு ஒன்றைச் சீரான வேகத்தில் நகர்த்தினால், கம்பியின் ஆட்டம் அலைக்கோடாகத் தகட்டில் விழும். வயலின் பலகையின் ஆட்டம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதையும் ஒளியால் பெரிதாக்கி அதே தகட்டில் பக்கத்துக் கோடாக எழுத வைக்கலாம். கம்பி என்ன செய்கிறது, அதே நொடியில் மரம் என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இதை வைத்து அவர் பிடித்த முதல் பெரிய மீன், ஓநாய் ஸ்வரம். செல்லோ வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் வாத்தியம் வாசிப்பவர் பேச்சைக் கேட்காது. குரல் நடுங்கி ஊளையிடும். அந்த ஸ்வரத்தில் வாத்தியத்தின் உடம்பே ஒத்ததிர்ந்து, கம்பியின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. உடம்பின் ஆட்டம் ஏறஏறக் கம்பியால் அந்த ஸ்வரத்தைத் தாங்க முடியாமல் மேல் ஸ்தாயிக்கு நழுவுகிறது. சக்தி கிடைக்காமல் உடம்பு அடங்குகிறது. கம்பி பழைய ஸ்வரத்துக்குத் திரும்புகிறது. மறுபடி முதலிலிருந்து. இந்த இழுபறியைத்தான் காது ஊளையாகக் கேட்கிறது. ராமன் 1916இல் இதை எழுதியபோது, கம்பி, பலகை இரண்டின் அலைக்கோடுகளும் சாட்சியாக இருந்தன.

1918இல் வில்லால் வாசிக்கும் வாத்தியங்களின் அதிர்வைப் பற்றி ஒரு நீண்ட நூலையே கழகம் வெளியிட்டது. அதற்குப் பிறகு வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், ஒரே வேகம் கொடுக்காது, அதனால் இயந்திரம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. வில் அசையாமல் நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் ஓடும்.

இதற்கிடையில் 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. ஒப்புக்கொண்டால் சம்பளம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அரசு வேலையை விட்டுவிட்டுப் போனார். அப்போது உலகம் அவரை அறிந்தது, பெரும்பாலும், ஒலியை ஆராய்கிறவராகத்தான். 1927இல் ஜெர்மனியின் இயற்பியல் பெருங்களஞ்சியத்தில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுத அவரையே கேட்டார்கள்.

வீணைக்கும் தம்பூராவுக்கும் ஏன் அந்தக் கார்வை?

ஒரு பழைய விதி உண்டு. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் ஒலிக்காது. தாமஸ் யங் சொன்னது. உதாரணமாக, சரியாக நடுவில் மீட்டினால் இரண்டாவது மேல்சுரம் காணாமல் போக வேண்டும். வீணையும் தம்பூராவும் இந்த விதியை மதிப்பதில்லை. இருக்கக் கூடாத மேல்சுரங்கள் அங்கே பலமாகவே கேட்கின்றன.

காரணம் குதிரையில் இருக்கிறது என்று ராமன் 1921இல் எழுதினார். வயலின் குதிரையின் விளிம்பு கூர்மையானது. கம்பி ஒரே புள்ளியில் உட்காரும். வீணையின் குதிரை அகலமாக, லேசாக வளைந்து இருக்கும். கம்பி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்பூராவில் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே ஜீவாளி நூலைச் செருகி நகர்த்திச் சரி செய்வதும் இதற்காகவே. நூல் சரியான இடத்துக்கு வந்ததும் சுருதி திடீரென்று பூத்த மாதிரி விரியும். ஜீவா என்று பெயர் வைத்தவருக்குக் காது இருந்திருக்கிறது.

கருப்பு வட்டம்

இப்போது மிருதங்கம். பலா மரத்தின் கட்டையைக் குடைந்து செய்வது. தட்டிப் பார்க்கும் வித்தையின் உச்சம் என்று இதைச் சொல்லலாம்.

கம்பிக்கும் தோலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கம்பியின் மேல்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று முழு எண்களில் வரும். அதனால் காது அதை ஒரே ஸ்வரமாக ஏற்றுக்கொள்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலின் கணக்கு வேறு: 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் உலகத்தின் பெரும்பாலான முரசுகள் சத்தம் கொடுக்கும், சுருதி கொடுக்காது. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் தம்பூராவோடு சேர்கிறது. எப்படி?

ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை இந்தக் கேள்வியைத் தொட்டது. 1934இல் ராமன் விரிவாக எழுதினார். அவருடைய கருவி மறுபடியும் எளிமையானது: மெல்லிய மணல். ஜெர்மனியில் கிளாட்னி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலோகத் தகடுகளில் செய்து காட்டிய அதே உத்தி. தோலின் மேல் மணலைத் தூவி அதிரவிட்டால், அதிரும் இடத்திலிருந்து மணல் ஓடிவிடும். அசையாத கோடுகளில் போய்ச் சேரும். அந்தக் கோடுகளே அதிர்வின் படம்.

படம் சொன்னது இதுதான். வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம், அதாவது கரணை, தோலின் நடுப்பகுதியைக் கனமாக்குகிறது. அந்தக் கனம் ஒழுங்கில்லாத எண்களை இழுத்து முழு எண்களுக்குக் கொண்டுவருகிறது. தோல் ஒன்பது விதமாக அதிர முடியும். அந்த ஒன்பதும் சேர்ந்து ஐந்தே ஸ்வரங்களில் வந்து விழுகின்றன. முதல் இரண்டுக்கும் ஒவ்வொரு விதம், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இரண்டிரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. சமமாக இழுத்த ஒரு தோல், கம்பி மாதிரி பாடுகிறது.

விரல் வைக்கும் முறைக்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. நம் என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்கும். ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்கும். தொட்டிருக்கும் விரல், முதல் ஸ்வரத்துக்கான அதிர்வை அமுக்கிவிட்டு இரண்டாவதை வெளியே விடுகிறது. மிருதங்க மாணவர் முதல் மாதத்தில் கற்கும் பாடம். உள்ளே இருப்பது அதிர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு.

கரணை எப்படி வந்தது? சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து, ஒரு மெல்லிய பூச்சு வைத்து, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. அடிக்கடி தட்டிக் கேட்டுக்கொண்டே இதைச் செய்வார்கள். கொஞ்சம் கூடினாலும் சுருதி கெட்டுவிடும், குறைந்தாலும் கெட்டுவிடும். ராமன் இதைப் பழங்கால இந்தியரின் இசையறிவுக்குச் சான்றாகப் பார்த்தார். தப்பில்லை. ஆனால் பழங்காலம் என்று சொல்லும்போது ஒன்று விட்டுப்போகிறது. அந்த அறிவு ஓலைச்சுவடியில் உட்கார்ந்திருக்கவில்லை. ராமன் மணல் தூவிக்கொண்டிருந்த அதே வருடங்களில் தஞ்சாவூரிலும் சென்னையிலும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கையாண்ட உயிருள்ள மனிதர்களின் விரலில் இருந்தது. சாதியின் பேரால் பல சபாக்களின் வாசலைத் தாண்டாதவர்கள் அவர்கள். ஒன்பது அதிர்வை ஐந்தாக்கியது யார் என்று கேட்டால், விளக்கியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. செய்தவர்கள் பெயர் தெரியவில்லை.

கிசுகிசுக்கும் கட்டடங்கள்

வாத்தியத்தோடு அவர் நிற்கவில்லை. 1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இங்கிலாந்து போனபோது, லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தில் ஏறி நின்றார். அங்கே சுவரோரம் ஒருத்தர் முணுமுணுத்தால் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் கேட்கும். ஒலி சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது என்று ரேலே பிரபு ஏற்கெனவே விளக்கியிருந்தார். ராமனும் சதர்லண்டும் அளந்து பார்த்தபோது, ஒலி சீராகக் குறையாமல், சுவரிலிருந்து விலகவிலக ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போவதைக் கண்டார்கள்.

ஊர் திரும்பியதும் இந்தியக் கட்டடங்களுக்கு வந்தார். 1656இல் முடிந்த பிஜாப்பூர் கோல் கும்பஸ், பாட்னாவின் பழைய தானியக் களஞ்சியம், கல்கத்தா விக்டோரியா நினைவகம். சுற்றுலாப் பயணிகள் கைதட்டி மகிழும் இடங்களை அவர் அளவுகோலோடு பார்த்தார். இன்றைக்கு ஒளியை நுண்ணிய கண்ணாடி வளையத்துக்குள் சுற்றவிடும் ஆய்வுகளிலும் கிசுகிசு மாடம் என்ற இதே பெயர்தான் புழங்குகிறது.

மூலக்கூறைத் தட்டிப் பார்த்தவர்

அதே 1921 பயணத்தில், எஸ்.எஸ்.நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து வியந்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. அங்கிருந்து 1928 பிப்ரவரி 28, கே.எஸ்.கிருஷ்ணனின் உழைப்பு, 1930 நோபல் பரிசு. இதை வேகமாகவே கடந்துவிடலாம். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நிற்போம்.

ராமன் விளைவு என்பதும் அதிர்வைப் பதிவு செய்யும் வேலைதான். ஒரு மூலக்கூறில் அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டிய குண்டுகள் மாதிரி ஓயாமல் ஆடுகின்றன. ஒளி அதில் மோதிச் சிதறும்போது, அந்த ஆட்டத்தின் அளவுக்கு ஒளியின் நிறம் கொஞ்சம் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று பார்த்தால் மூலக்கூறு எப்படி ஆடுகிறது என்று தெரியும். எப்படி ஆடுகிறது என்று தெரிந்தால் அது என்ன மூலக்கூறு என்று தெரிந்துவிடும். பலாப்பழத்தை விரலால் தட்டுகிறோம், மூலக்கூறை ஒளியால் தட்டுகிறோம். சில நூறு ரூபாய்க் கருவிகளோடு இதைக் கண்டவர், அதற்கு முன் பல வருடம் கம்பியும் தோலும் எப்படி ஆடும் என்று பார்த்துப் பழகியவர். ஒலி ஆராய்ச்சி ஏதோ இளமைக்காலப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் சூப்பர்கேம் கருவியில் ராமன் நிறமாலைமானி இருக்கிறது. அதே கருவியில் ஒரு மைக்கும் இருக்கிறது. லேசர் பட்டதும் பாறையிலிருந்து எழும் டிக் சத்தத்தைக் கேட்டு, பாறை எவ்வளவு கடினம் என்று பார்க்கிறார்கள்.

பெங்களூரு வருடங்கள்

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். 1934இல் இந்திய அறிவியல் அகாதெமியைத் தொடங்கினார். மிருதங்கக் கட்டுரை அதன் இதழின் முதல் தொகுதியில்தான் வந்தது. நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, செவிக்கெட்டாத ஒலி ஒரு திரவத்தில் ஓடும்போது அதில் பாயும் ஒளி எப்படிப் பிரிகிறது என்று விளக்கியதும் இந்தக் காலத்தில்தான்.

எளிதான மனிதர் இல்லை. நிர்வாகக் குழுவோடு மோதி 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். 1933இல் கமலா பாகவத் என்ற இளம்பெண் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்துக்காக இடம் மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. ஒரு வருடம் சோதனை முறையில் என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார். அவருடைய வேலையைப் பார்த்த பிறகு மனம் மாறினார். கமலா சோஹோனி பின்னாளில் பெயர்பெற்ற உயிர்வேதியியல் அறிஞர். நிபந்தனை மட்டும் ராமனின் வாழ்க்கையில் அழியாத கறை.

1948இல் ஓய்வு பெற்றதும் தன் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்தார். அரசுப் பணம் வந்தால் அரசின் சொல்லும் கூடவே வரும் என்று நினைத்து, மானியத்தை வாங்க மறுத்தார். 1954இல் பாரத ரத்னா. கடைசி வருடங்களில் ரத்தினக் கற்கள், பூக்களின் நிறம், மனிதக் கண் பார்க்கும் விதம் என்று எதையாவது கையில் எடுத்துக்கொண்டே இருந்தார்.

1970 நவம்பர் 21இல், 82 வயதில், பெங்களூருவில் காலமானார். நிலையத்தின் தோட்டத்திலேயே உடலுக்கு எரியூட்டினார்கள். அந்த இடத்தில் நினைவு மண்டபம் எதுவும் எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.